பெருக்குவதற்கு முன் ஒரு கேள்வி

தாயம் ஆடியவர்களுக்கு இந்த ஆற்றாமை பழக்கமானது. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் காய்கள் பாதிக் கட்டத்தைச் சுற்றி வந்துவிட்டன. நமக்கு இன்னும் முதல் தாயமே விழவில்லை. இரண்டு விழுகிறது, மூன்று விழுகிறது, மறுபடியும் மூன்று. ஒன்று மட்டும் விழ மாட்டேன் என்கிறது. கைராசி இல்லை என்று பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார். இன்னொருவர் கட்டையை நன்றாகத் தேய்த்து உருட்டச் சொல்கிறார். உண்மையில் தாயம் எவ்வளவு அரிது? மூன்று ஏன் இவ்வளவு தாராளமாக விழுகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் விடாமல் பிடித்துக்கொண்டு போனால் நிகழ்தகவுக் கணிதத்தின் அடித்தளம் கைக்கு வந்துவிடும். இங்கிலாந்தில் ஒரு தாயைச் சிறைக்கு அனுப்பிய வழக்கில் எந்த இடத்தில் கணக்கு பிசகியது என்பதும் விளங்கும்.

முதலில் கட்டைகளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பித்தளையில் வார்த்த இரண்டு நீளக் கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நீளப் பக்கங்கள். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும். மற்ற மூன்றில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. இரண்டையும் சேர்த்து உருட்டி, மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டுகிறோம். ஒன்றில் வெறுமையும் மற்றதில் ஒரு புள்ளியும் வந்தால் தாயம். இரண்டிலும் மூன்று புள்ளிகள் வந்தால் ஆறு. இரண்டுமே வெறுமை என்றால் அதற்குப் பரிசாகப் பன்னிரண்டு. ஆக விழக்கூடியவை ஏழு: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு.

ஏழு விடைகள் இருப்பதால் தாயம் விழும் வாய்ப்பு ஏழில் ஒன்று என்று சொல்லிவிடத் தோன்றும். அது தவறு. ஒரு கட்டைக்கு மஞ்சள் பூசிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கட்டை நான்கு விதமாக விழலாம். அந்த ஒவ்வொரு விதத்தோடும் பித்தளைக் கட்டை நான்கு விதமாக விழலாம். மொத்தம் 16 விழுகைகள். நடக்கக்கூடிய எல்லாவற்றையும் விட்டுப்போகாமல் எழுதிய இந்தப் பட்டியலுக்குக் கூறுவெளி என்று பெயர். அதிலிருந்து நமக்கு வேண்டியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது ஒரு நிகழ்ச்சி. தாயம் என்னும் நிகழ்ச்சியில் இரண்டு விழுகைகள் உண்டு: மஞ்சளில் வெறுமை, பித்தளையில் ஒன்று, அல்லது மஞ்சளில் ஒன்று, பித்தளையில் வெறுமை. 16-இல் 2, அதாவது எட்டில் ஒன்று. இதுதான் தாயத்தின் நிகழ்தகவு. ஆறும் பன்னிரண்டும் இதைவிட அரிது, ஒவ்வொன்றும் 16-இல் 1.

மூன்றையும் நான்கையும் ஒப்பிடுவதில்தான் சுவாரசியம் இருக்கிறது. மூன்று விழ இரண்டு வழிகள்: வெறுமையும் மூன்றும், ஒன்றும் இரண்டும். நான்கு விழவும் இரண்டே வழிகள்: ஒன்றும் மூன்றும், இரண்டும் இரண்டும். அப்படியானால் இரண்டும் சம அளவில் விழ வேண்டாமா? மஞ்சள் பூசிய கட்டையை மறுபடி பாருங்கள். வெறுமையும் மூன்றும் இரண்டு விதமாக விழலாம், ஒன்றும் இரண்டும் இரண்டு விதமாக விழலாம். ஆக மூன்றுக்கு 4 விழுகைகள். ஆனால் இரண்டும் இரண்டும் என்பதில் கட்டைகளை இடம் மாற்றினால் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. நான்குக்கு 3 விழுகைகள்தான். அடிக்கடி மூன்று விழுவதன் காரணம் இவ்வளவுதான்.

ஏறக்குறைய இதே கேள்வியை இத்தாலியச் சூதாடிகள் கலிலியோவிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் உருட்டியது மூன்று பகடைகள். ஒன்பதும் பத்தும் தலா ஆறு வழிகளில் கிடைக்கும். இருந்தும் பத்துதான் சற்று அதிகமாக விழுகிறதே, ஏன்? மூன்று பகடைகளுக்கு மொத்தம் 216 விழுகைகள் என்றும், அவற்றில் ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27 என்றும் கலிலியோ எண்ணிக் காட்டினார். விடையைவிடக் கேள்விதான் எனக்கு வியப்பளிக்கிறது. நூறு ஆட்டத்தில் ஒரு ஆட்டம்கூட வித்தியாசம் வராத ஒன்றை வெறும் பழக்கத்தால் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றால், எத்தனை இரவுகள் உருட்டியிருப்பார்கள்! எண்ணும்போது சறுக்குவது பெரிய கணித மேதைகளுக்கும் நேர்ந்திருக்கிறது. ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதியவர் தலாம்பெர். நான்கு விழுகைகளில் மூன்றில் தலை உண்டு. சரியான விடை நான்கில் மூன்று.

இதுவரை ஒன்றைச் சொல்லாமலே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். 16 விழுகைகளும் சம வாய்ப்புள்ளவை என்பது நமக்கு எப்படித் தெரியும்? கட்டையின் நான்கு பக்கங்களும் ஒரே அளவு, ஒரே எடை; ஒன்றுக்குச் சலுகை காட்டக் காரணம் ஏதும் இல்லை. சமச்சீர்மையை நம்பித்தான் எண்ணுகிறோம். சோழியை எடுத்துக்கொண்டால் இந்த வாதம் நிற்காது. சோழியின் முதுகு ஒரு வடிவம், வாய் இன்னொரு வடிவம். தரையில் ஒரு பக்கத்தை வெள்ளையாகும்வரை உரைத்த புளியங்கொட்டையும் அப்படித்தான். அது வெள்ளை மேலாக விழும் வாய்ப்பு பாதி என்று எந்த உரிமையில் சொல்வது? அங்கே ஒரே வழி, உருட்டிப் பார்த்து எண்ணுவது.

அப்படி எண்ணியவர்களில் ஒருவர் ஜான் கெரிச். தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய கணித ஆசிரியர். 1940-இல் ஜெர்மன் படைகள் டென்மார்க்கைப் பிடித்தபோது அங்கே மாட்டிக்கொண்டு, போர்க்காலத்தைத் தடுப்பு முகாமில் கழித்தார். முகாமில் அவர் ஒரு நாணயத்தைப் பத்தாயிரம் முறை சுண்டிக் குறித்துவைத்தார். முதல் 100 சுண்டலில் தலை 44. ஆயிரத்தில் 502. பத்தாயிரத்தில் 5,067. முதலில் விலகியிருந்த விகிதம் பாதிக்கு அருகில் வந்து நிற்கிறது. நீண்ட ஓட்டத்தில் விகிதம் நிலைகொள்ளும் என்பதைக் கணிதத் தேற்றமாக நிறுவியவர் ஜேக்கப் பெர்னூலி. அவருடைய நூல் அவர் இறந்த பிறகு 1713-இல் வெளிவந்தது.

கெரிச்சின் கணக்கில் பலர் கவனிக்காத ஒரு செய்தியும் இருக்கிறது. ஆயிரம் சுண்டலில் பாதியைவிட 2 தலைகள்தான் அதிகம். பத்தாயிரத்தில் 67 அதிகம். விகிதம் பாதிக்கு அருகிலேயே இருந்தபோதும் எண்ணிக்கையின் வித்தியாசம் கூடியிருக்கிறது. முன்பு விழுந்த தலைகளை ஈடுகட்டுவதற்காக நாணயம் பூக்களைப் போட்டுத் தரவில்லை. பழைய வித்தியாசம் அப்படியே கிடக்கிறது. மொத்த எண்ணிக்கை பெருகப் பெருக அதன் பங்கு கரைந்துபோகிறது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் சுழல் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. இத்தனை கறுப்புக்குப் பிறகு சிவப்பு வந்தே தீரும் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணம் கட்டியவர்கள் பெருந்தொகைகளை இழந்தார்கள். சக்கரத்துக்கு நினைவு கிடையாது. தாயக்கட்டைக்கும் கிடையாது. பத்து ஆட்டமாகத் தாயம் விழாதவருக்கும் அடுத்த ஆட்டத்தில் வாய்ப்பு அதே எட்டில் ஒன்றுதான்.

இனி நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் பார்ப்போம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு இவற்றில் எது விழுந்தாலும் இன்னொரு முறை உருட்டலாம் என்பது பல ஊர்களில் உள்ள விதி. அப்படி ஒன்று விழும் வாய்ப்பு என்ன? இரண்டும் இரண்டும் ஒன்றும் ஒன்றும் சேர்ந்து 6. ஆக 16-இல் 6. கூட்டினால் போதும், ஏனென்றால் ஒரே உருட்டலில் தாயமும் ஆறும் சேர்ந்து விழ முடியாது. இவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். சேர்ந்து நடக்க முடிந்தால் கூட்டல் கூடுதலாகக் காட்டிவிடும். மஞ்சளில் வெறுமை விழ 4 விழுகைகள், பித்தளையில் வெறுமை விழ 4. ஏதாவது ஒன்றிலாவது வெறுமை விழ எட்டு என்று சொன்னால், இரண்டுமே வெறுமையாக விழும் பன்னிரண்டை இரண்டு முறை எண்ணிவிட்டோம். அதை ஒரு முறை கழித்தால் 7.

"அல்லது" என்பதைக் கூட்டலால் சமாளித்தோம். இதுவும் நடந்து அதுவும் நடக்க வேண்டும் என்றால்? இங்கேதான் பெருக்கல் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதை மெதுவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரப்போகும் பிழை இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

ஒரே நேரத்தில் 512 வீடுகளில் தாயம் ஆடத் தொடங்குகிறார்கள், வீட்டுக்கு ஒருவர் உருட்டுகிறார் என்று கொள்வோம். எட்டில் ஒரு பங்கு, அதாவது சராசரியாக 64 வீடுகளில் முதல் உருட்டலிலேயே தாயம் விழும். மீதி 448 வீடுகள். அவர்கள் மறுபடி உருட்டுகிறார்கள். அந்த 448-இல் எட்டில் ஒரு பங்கான 56 வீடுகளில் தாயம். மீதி 392. மூன்றாம் உருட்டலில் 49 வீடுகள் விலக, மீதி 343. ஒவ்வொரு முறையும் மீந்தவர்களில் எட்டில் ஏழு பங்கை எடுக்கிறோம். பங்கில் பங்கு, அந்தப் பங்கிலும் பங்கு. நிகழ்தகவில் பெருக்கல் என்பது இதுதான். எட்டாவது உருட்டல் முடியும்போதும் சுமார் 176 வீடுகளில் தாயம் விழுந்திருக்காது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! இருபது முறை உருட்டிய பிறகும் 35 வீடுகள் மிஞ்சும். அந்த 35 பேருக்கும் கைராசியில் குறை ஒன்றுமில்லை. 512 பேர் ஆடினால் 35 பேர் அப்படி அமைவார்கள்.

எட்டில் ஒரு வாய்ப்பு என்றால் எட்டு முறைக்குள் விழுந்தே தீரும் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு வரலாற்றிலேயே சாட்சி உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் ஷெவாலியே த மேரே என்று ஒருவர் இருந்தார். ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு முறையாவது ஆறு விழும் என்று பந்தயம் கட்டுவது லாபம் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு பகடைகளில் இரட்டை ஆறு விழும் வாய்ப்பு அதில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே நான்கை ஆறால் பெருக்கி 24 முறை உருட்டினால் அதே லாபம் கிடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். கணக்கு ஒத்துவரவில்லை. அவர் கணித அறிஞர் பாஸ்கலிடம் கேட்டார். பாஸ்கல் பாரிசிலிருந்து துலூசில் இருந்த இன்னொரு கணித அறிஞர் ஃபெர்மாவுக்கு எழுதினார். 1654-இல் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவு ஒரு கணிதத் துறையாக எழுந்தது.

மேரேயின் சிக்கலுக்கு வழி, கேள்வியைத் திருப்பிப்போடுவது. ஒரு முறையாவது விழுவதை நேரடியாக எண்ணுவது தொல்லை. ஒரு முறைகூட விழாமல் போவதை எண்ணுவது சுலபம், வீடுகளை வைத்து நாம் செய்ததுபோல. அப்படி எதிர்ப்பக்கத்தில் இருப்பதை நிரப்பு நிகழ்ச்சி என்கிறோம். அதை முழுமையிலிருந்து கழித்தால் வேண்டியது கிடைத்துவிடும். இப்படிப் பார்த்தால் முதல் பந்தயத்தில் ஆயிரம் ஆட்டத்துக்குச் சுமார் 518 வெற்றி, இரண்டாவதில் சுமார் 491. ஒன்று பாதிக்குச் சற்று மேல், மற்றது பாதிக்குச் சற்றுக் கீழ். ஒரே ஒரு உருட்டல் கூட்டி 25 ஆக்கியிருந்தால் மேரேவுக்கு லாபம் வந்திருக்கும்.

இப்போது 512 வீடுகளுக்குத் திரும்புவோம். இரண்டாம் உருட்டலில், மீந்த 448 வீடுகளிலும் எட்டில் ஒரு பங்குக்குத் தாயம் விழும் என்று தயங்காமல் எழுதினோம். எதை நம்பி? முதல் உருட்டலில் தோற்ற வீடுகள் மற்ற வீடுகளிலிருந்து எந்த வகையிலும் வேறுபட்டவை இல்லை என்பதை நம்பி. ஒரு உருட்டலின் முடிவு அடுத்ததைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இத்தகையவற்றைச் சார்பிலா நிகழ்ச்சிகள் என்கிறோம். கட்டைகள் விஷயத்தில் இந்த நம்பிக்கை சரி. ஆனால் சில வீடுகளில் கட்டையின் ஒரு ஓரம் தேய்ந்து, தாயம் விழாமல் அடம்பிடிக்கிறது என்று வையுங்கள். முதல் உருட்டலில் தோற்றவர்களில் அந்தத் தேய்ந்த கட்டைக்காரர்கள் சற்று அதிகமாகவே சேர்ந்திருப்பார்கள். மீந்த வீடுகள் இனி சராசரி வீடுகள் ஆகா. அங்கே எட்டில் ஏழை எட்டில் ஏழால் பெருக்குவது பிழை. முதலாவது நடந்த வீடுகளில் மட்டும் இரண்டாவது எவ்வளவு நடக்கிறது என்று தனியாகக் கண்டறிய வேண்டும். அதுதான் நிபந்தனை நிகழ்தகவு. பெருக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி இது: முதல் சல்லடையில் தங்கியவர்கள் மற்றவர்களைப் போன்றவர்கள்தானா?

தொடக்கத்தில் சொன்ன வழக்கில் கேட்கத் தவறியது இந்தக் கேள்வியைத்தான். இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் கைக்குழந்தை ஒன்று 1996 டிசம்பரில் இறந்தது. பதினொரு வாரக் குழந்தை. 1998 ஜனவரியில் அடுத்த குழந்தையும் இறந்தது, எட்டு வாரத்தில். இரண்டையும் அவரே கொன்றார் என்று வழக்குத் தொடுத்தார்கள். நன்றாக இருந்த சிசு, காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாமல் திடீரென இறந்துபோவது உலகம் முழுவதும் நடப்பதுதான். செஸ்டர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன குழந்தை மருத்துவப் பேராசிரியர் ராய் மெடோ ஓர் எண்ணை முன்வைத்தார். வீட்டில் புகைபிடிப்பவர் இல்லை, சம்பாதிப்பவர் ஒருவராவது உண்டு, தாயின் வயது 26-க்கு மேல். இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு சிசு திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543-இல் ஒன்று என்று ஓர் ஆய்வு சொன்னது. அதை அதே எண்ணால் பெருக்கினார். இரண்டு குழந்தைகளும் இயற்கையாக இறந்திருக்கும் வாய்ப்பு ஏழு கோடியே முப்பது லட்சத்தில் ஒன்று என்றார். 1999 நவம்பரில் பத்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் ஜூரிகள் குற்றவாளி எனத் தீர்மானித்தார்கள். ஆயுள் தண்டனை.

அந்தப் பெருக்கலைப் பாருங்கள். 8,543 வீடுகளில் ஒரு வீட்டில் ஒரு குழந்தை இறக்கிறது. அந்த ஒரு வீடு மற்ற 8,542 வீடுகளைப் போன்றதா? மரபணுவில் ஏதாவது இருக்கலாம், வீட்டுச் சூழலில் ஏதாவது இருக்கலாம், யாருக்கும் இன்னும் பிடிபடாத காரணம் இருக்கலாம். முதல் குழந்தையைப் பறித்த அதே காரணம் இரண்டாவது குழந்தையின் தொட்டில் அருகிலும் இருக்கும். பிற்பாடு சால்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ரே ஹில் கிடைத்த தரவுகளை ஆராய்ந்து, ஒரு குழந்தை இப்படி இறந்த குடும்பத்தில் இரண்டாவது இறப்பின் வாய்ப்பு ஐந்து முதல் பத்து மடங்கு கூடுகிறது என்று மதிப்பிட்டார். புகை, வருமானம், வயது என்று ஆபத்தைக் குறைக்கும் அம்சங்களை எல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள், ஆபத்தைக் கூட்டக்கூடிய ஒன்றை, அதாவது முதல் இறப்பையே, கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பிழை அதோடு நிற்கவில்லை. அந்த எண் சரியாகவே இருந்திருந்தாலும், அது சாலி கிளார்க் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு ஆகிவிடாது. லாட்டரியில் முதல் பரிசு கோடியில் ஒருவருக்கு விழுகிறது. பரிசு வாங்கியவரைப் பிடித்து, "மோசடி செய்யாமல் ஜெயிக்கக் கோடியில் ஒரு வாய்ப்புதான், ஆகவே நீ மோசடிக்காரன்" என்று யாரும் சொல்வதில்லை. யாருக்காவது விழத்தான் போகிறது. நிரபராதியாக இருந்தால் இப்படி நடக்கும் வாய்ப்பு என்பது ஒன்று. இப்படி நடந்துவிட்டது என்றபின் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு என்பது முற்றிலும் வேறொன்று. இரண்டாவதை அறிய இன்னோர் எண் வேண்டும்: ஒரு தாய் தன் இரண்டு சிசுக்களையும் கொல்வது எவ்வளவு அரிது? அதுவும் மிக மிக அரிதுதான். இரண்டு அரிதானவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது குறைந்த அரிது என்று கேட்டிருக்க வேண்டும். ஹில் அப்படி வைத்துப் பார்த்தபோது, ஒரே வீட்டில் இரண்டு சிசுக்கள் காரணம் தெரியாமல் இறப்பது, இரண்டும் கொல்லப்படுவதைவிடச் சுமார் ஒன்பது மடங்கு அதிகம் என்று வந்தது.

2000-இல் முதல் மேல்முறையீடு தள்ளுபடியானது. 2001 அக்டோபரில் ராயல் புள்ளியியல் கழகம், அந்தப் பெருக்கலுக்குப் புள்ளியியல் அடிப்படை எதுவும் இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித் தொற்று இருந்ததைக் காட்டும் பரிசோதனை முடிவுகள் வழக்கின்போது வெளியிடப்படாமல் இருந்ததும் தெரியவந்தது. முக்கியமாக அந்தக் காரணத்தின் பேரில் 2003 ஜனவரியில் தீர்ப்பு ரத்தானது. ஏழு கோடி என்ற எண் ஜூரிகளின் முன் வந்திருக்கவே கூடாது என்பதையும் மேல்முறையீட்டு நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். சாலி கிளார்க் அதற்குள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்திருந்தார். அடுத்த ஆண்டு, சிசு மரணங்களுக்காகத் தண்டிக்கப்பட்ட இருநூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகளைத் திரும்பப் பார்க்கும்படி பிரிட்டிஷ் அரசின் தலைமை வழக்கறிஞர் உத்தரவிட்டார்.